காற்றாடி நிழலுக்கு விட்ட அரைக் குறுக்கம்

"தை கடைசி வெள்ளி. சிம்மக்கல், அண்ணன் கடை. குதிரைவாலி ஒரு மரக்கால் வந்தது. அண்ணன் வாங்கிக்கொண்டு ஒரு பிடியைத் திருப்பிப் போட்டார். அக்கா டீ வேண்டாம் என்றுவிட்டார். வெயில் இப்போதே சுடுகிறது."

என் நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கு இவ்வளவுதான் இருக்கிறது. வேலையில் இருந்த காலத்திலிருந்தே தினமும் நாலு வரி எழுதி வைப்பது பழக்கம். மழை பெய்தது, காற்று திசை மாறியது, வில்லாபுரத்தில் கரண்ட் போனது, வந்தது என்று பெரும்பாலும் யாருக்கும் உதவாத செய்திகள். அந்த வெள்ளிக்கிழமையையும் அப்படித்தான் எழுதினேன். அதில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு அடங்கியிருந்தது என்று எழுதும்போது தெரியாது.

அந்தக் குறிப்பில் வருகிறவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் என் உடன்பிறந்தவர், எனக்கு மூத்தவர். மதுரை சிம்மக்கல்லில் பருப்பு, தானியம் மொத்த வியாபாரம். அப்பா காலமானபின் பாகம் பிரித்தபோது வில்லாபுரம் வீடு எனக்கும், உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கும் ஐந்து குறுக்கம் புஞ்சை அவருக்கும் வந்தன. எங்கள் பக்கம் குறுக்கம் என்றால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆக, அந்த நிலத்தில் எனக்கு ஒரு சாண்கூட உரிமை கிடையாது. போய்ப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு.

அக்கா எங்களுக்கு உறவில்லை. அந்தப் புஞ்சையை உழுகிறவர். அவருடைய மாமனார் எங்கள் அப்பாவிடம் கூலிக்கு வந்தவர். பிறகு அதே நிலத்தை வாரத்துக்கு உழுதார். விளைச்சலில் ஒரு பங்கு எங்களுக்கு, மீதி அவருக்கு. அவருக்குப் பின் அவர் மகன், அந்த மகனும் போனபின் மருமகளான இந்த அக்கா. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அந்தப் புஞ்சையை வைத்தே மகளை நர்சிங் படிக்கவைத்து கோயம்புத்தூருக்கு வேலைக்கு அனுப்பினார். மாமனார் எங்கள் அப்பாவை 'ஐயா' என்பார், துண்டு இடுப்பில் இருக்கும். அக்கா என் அண்ணனை 'அண்ணே' என்பார். அண்ணனுக்கு அது பிடிக்காது. பிடிக்கவில்லை என்று சொல்லவும் முடியாத காலம் இது. நான் அவரை 'அக்கா' என்பதும் அண்ணனுக்குப் பிடிக்காது. அதை மட்டும் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இரு குடும்பத்துக்கும் இடையில் ஒரு காகிதம்கூட இருந்ததில்லை. அறுவடை முடிந்து தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, உழுதவர் புதுத் தானியத்தில் ஒரு மரக்கால் அளந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். அது வாரத்தில் சேராது. அப்பா அதை வாங்கி, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வந்தவர் துண்டிலோ முந்தியிலோ திருப்பிப் போடுவார். போட்டுவிட்டால் அடுத்த வருஷமும் நிலம் அவருக்கு. போடாவிட்டால் இல்லை. போடாமல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இந்த வழக்கம் வேறு எங்காவது இருக்கிறதா என்று பல ஊர்களில் விசாரித்திருக்கிறேன்; ஆம் என்று சொன்னவர் யாரும் இல்லை. எழுதிக் கொடுத்தால் உழுகிறவருக்கு உரிமை வந்துவிடும் என்று அப்பா பயந்தார். எழுதிக் கேட்டால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அக்காவின் மாமனார் பயந்தார். இரண்டு பயமும் சேர்ந்து உண்டாக்கியது அந்தப் பிடி.

அன்றைக்குக் கடையில் நான் அண்ணனுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஜவுளிக்கடைப் பை ஒன்றில் குதிரைவாலியைக் கொண்டுவந்திருந்தார். தெருவில் லோடு ஆட்டோ ஒன்று பின்பக்கமாக வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"வாத்தா. இம்புட்டுத் தூரம் பஸ்ல தூக்கிக்கிட்டு வரணுமா?" என்றார் அண்ணன்.

"ஒங்க கடையில இல்லாத குதிரவாலியா. ஆனா இது நம்ம காட்டுல வெளஞ்சதுல்ல."

"இந்த வருஷம் மணி சின்னதா இருக்கு."

"மழ சின்னதா இருந்துச்சுண்ணே. மணி மட்டும் பெருசா வந்துருமா?"

அண்ணன் சிரித்தார். பையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, நீட்டிய முந்தியில் போட்டார். அக்கா அதை முடிந்துகொண்டு, பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஒரு நிமிஷ வேலை.

காற்றாடியைப் பற்றிச் சொல்லவேண்டும். மேற்கே ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்று எங்கள் பக்கத்தில் பேர்பெற்றது. அப்பா இறந்த மறுவருஷமே ஒரு கம்பெனி வந்து அந்தப் புஞ்சையின் நடுவில் கரண்ட் எடுக்கும் காற்றாடி ஒன்றை நட்டது. அது கேட்டது கால் ஊன்ற ஓர் இடமும், போகவர ஒரு பாதையும்தான். மீதி நிலத்தில் அக்கா எப்போதும்போல் உழுதார். இறக்கைக்கு நேர் கீழே குதிரைவாலியும் தட்டாம்பயறும் நின்றன. முதல் வருஷம் அக்காவின் ஆடுகள் சத்தத்துக்கு மிரண்டன. அடுத்த வருஷம் அதே கோபுரத்து நிழலில் படுத்து அசை போட்டன. கோபுரம் நகர நகர நிழல் நகர்வதும், நிழல் நகர நகர ஆடுகள் எழுந்து இடம் மாறுவதும் பார்க்க வேடிக்கையாக இருக்கும் என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். கோபுரம் நகராது, சூரியன்தான் நகர்கிறது என்று மறுநாள் அதைத் திருத்தியும் இருக்கிறேன்.

காற்றாடி வந்ததில் யாருக்கும் கெடுதல் இல்லை. அதனால்தான், அதே கம்பெனி அதே நிலத்தில் சோலாரும் போடப்போகிறது என்ற பேச்சு ஊரில் அடிபட்டபோது அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. காற்றாடியைப்போல அதுவும் கொஞ்ச இடத்தில் வந்து நிற்கும் என்று நினைத்தார். பிடி திரும்பி வந்துவிட்ட பிறகு நினைப்பதற்கும் ஒன்றுமில்லை.

பங்குனியில் கிடை போட்டார். கீழ்ச்சீமையிலிருந்து வந்த கீதாரிகளின் ஆட்டுமந்தையைப் புஞ்சையில் இரவு இரவாக அடைத்து, பட்டியை இடம் மாற்றி மாற்றிப் போட்டு, ஐந்து குறுக்கத்துக்கும் புழுக்கையும் மூத்திரமும் ஏறவைத்தார். வீட்டில் சாப்பாட்டுக்கு வைத்திருந்த தானியத்தில் பெரும்பங்கு கிடைக்காரர்களுக்குப் போயிற்று. போனில் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "தம்பி, இந்த வாட்டி மண்ணு கறுத்துப் போச்சு. சித்திரையில ஒரு மழ பேஞ்சாப் போதும், உழுதுருவேன்."

மழை பெய்தது. அவர் உழுவதற்குள் ஜேசிபி வந்துவிட்டது.

நிலத்தை மட்டமாக்கினார்கள். மேல்மண்ணை ஒரு முழத்துக்கு வழித்தெடுத்து, கனமான லாரிகள் வருவதற்காகப் போட்ட புதுப் பாதையில் பள்ளத்தை நிரப்பக் கொட்டினார்கள். கிடை போட்ட மண் சாலைக்கு அடியில் போயிற்று. அதைத் தடுக்க முடிந்தவர் எவரும் அங்கே இல்லை. அக்கா ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு, "எனக்கென்னம்மா தெரியும், ஓனர்ட்ட பேசுங்க" என்றிருக்கிறான். அவர் நேரே பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி, எனக்குப் போன் செய்துவிட்டுச் சிம்மக்கல் போய்விட்டார். நான் டவுன் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றார்கள். பேச்சு ஆரம்பித்திருந்தது.

"பிடி திருப்பிப் போட்டீகளா இல்லியாண்ணே?"

"போட்டேன்."

"போட்டா என்ன அர்த்தம்?"

"நாலு பேரு நின்னாய்ங்க. நீ முந்திய நீட்டிக்கிட்டு நிக்கிற. கை பழக்கத்துல போட்டுருச்சு."

"கம்பெனிக்காரனுக்கு எப்பச் சரின்னு சொன்னீக?"

"பொங்கலுக்கு முன்னாடியே சொல்லியாச்சு." அண்ணன் இதை மறைக்கவில்லை. தராசில் ஒரு கண் இருந்தது. "ஏத்தா, ரெண்டு பக்கத்துக் காடும் குடுத்தாச்சு. நான் மட்டும் நடுவுல வச்சுக்கிட்டுக் கெடந்தா எனக்குப் போகவரப் பாத இருக்காது. புரியாமப் பேசாத."

"நல்லாப் புரியுது. சரின்னு சொன்னதுக்கப்புறம் என் முந்தியில எதுக்குப் போட்டீக? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கிட போட்டிருக்க மாட்டேன்ல."

"ஒன்னிய யாரு கிட போடச் சொன்னா?"

"ஒங்க கை சொன்னுச்சு."

துவரம்பருப்புக்கு வந்திருந்த நத்தம் வியாபாரி ஒருவர், "அண்ணே, எம் பில்லப் போட்டுட்டுச் சண்ட போடுங்க. பஸ்ஸு போயிரும்" என்றார். அண்ணன் பில்லைப் போட்டார். அக்கா அதுவரை பேசாமல் நின்றார். அந்த மரியாதையை ஏன் காட்டினார் என்று எனக்கு இன்றும் ஆத்திரமாக இருக்கிறது. வியாபாரி போனபின் அண்ணனுக்குக் கோபம் ஆறிவிட்டது. அக்கா முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினார். பேச்சு அத்தோடு நின்றது.

நான் அண்ணனிடம் தனியாகக் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். "வீடு தேடிக் கொண்டாந்தத வேணாம்னு எப்புட்றா சொல்றது?" என்றார். அதை நம்பித்தான் சொன்னார். வாங்க மறுப்பது அவமரியாதை. வாங்கிக்கொண்டு ஏமாற்றுவது அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

கம்பெனியின் எஞ்சினியரை ஆனி மாதத்தில் நிலத்தில் பார்த்தேன். கொங்குப் பக்கத்துக்காரர், பொறுமையாகப் பேசுபவர். காற்றையும் வெயிலையும் ஒரே நிலத்தில் சேர்ப்பது ஏன் என்று கேட்டேன். இதுபற்றிக் கொஞ்சம் படித்திருந்தேன். அவர் வாயால் கேட்கவேண்டும்போல் இருந்தது.

"ஆடில காத்து அடிக்குதுங்க, மேகம் மறைக்குது. பங்குனி சித்திரைல வெயில் அடிக்குது, காத்து படுத்துருது. வெயில் காலத்துலயும் சாயங்காலம் ஆனா வெயில் போயிரும், காத்து கொஞ்சம் எந்திரிக்கும். ஒண்ணு இல்லாதப்ப இன்னொண்ணு. லைன் ஒண்ணு, ரோடு ஒண்ணு, டிரான்ஸ்பார்மர் ஒண்ணு. காத்தாடி மட்டும் இருந்தா அந்த லைன் பாதி வருஷம் சும்மா கெடக்குதுங்க சார்."

அவர் சொன்னதில் தவறே இல்லை. அதை இங்கே பதிவு செய்வது நியாயம். சித்திரையில் வில்லாபுரத்து வீட்டில் மின்விசிறி நின்றுபோய் வியர்த்துக் கிடக்கிற ஒருவன் இந்தத் திட்டத்தை எதிர்த்து எழுத முடியாது, நானும் எழுதவில்லை. ஆனால் ஒன்று. சும்மா கிடக்கும் லைனைப் பற்றி அவருக்குக் கவலை இருந்தது. சும்மா கிடக்காத நிலத்தைப் பற்றிக் கவலைப்பட யாரும் சம்பளத்துக்கு வைக்கப்படவில்லை. காற்றாடி நிற்க இடம் கேட்டது, அதோடு சேர்ந்து வாழ முடிந்தது. பேனல் படுக்க இடம் கேட்டது.

அன்றைக்கு அண்ணனும் வந்திருந்தார். அக்காவும், யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார். ஆட்கள் சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கோடு காற்றாடிக்கு வடக்கே வந்ததும் வளைந்து, விரித்த விசிறியைப்போல ஒரு துண்டை வெளியே விட்டுவிட்டுப் போயிற்று.

"அது எதுக்கு விட்டுட்டீக?" என்று கேட்டார் அக்கா.

"கோபுரத்து நெழல் விழற எடம்மா அது. வரிசையில ஒரு பேனல்ல நெழல் விழுந்தாக்கூட அந்த வரிசையே படுத்துரும். அதனால போடல."

அக்கா தரையைப் பார்த்தார். உச்சிவேளை. நிழல் குட்டையாகத் தெற்கே கிடந்தது. "நெழலு தெக்கால கெடக்கு. நீங்க வடக்க விடுறீக."

எஞ்சினியர் சிரித்தார். "இந்த நாலு மாசந்தாம்மா தெக்க விழும், அதுவும் இத்தன குட்டையா. ஆவணியில திரும்பிரும். மத்த மாசம் பூரா வடக்கதான் நீளமா விழும்." நான் ஆமாம் என்றேன்.

"அது எம்புட்டு இருக்கும்?"

"அரை ஏக்கர், கொஞ்சம் கூட."

"சும்மா விடுற எடத்த எனக்கு விடுங்க."

எஞ்சினியர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் காற்றாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, தனக்கு ஒரு செலவும் இல்லாத காரியம் என்று தெரிந்த முகத்தோடு, "நெழல வச்சுக்க. நான் என்ன வேணாங்குறனா" என்றார்.

எஞ்சினியரும் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். வேலிக்குள்தான் இருக்கும், கேட் வழியாக வந்துபோகலாம், உயரமாக வளர்வது மட்டும் வேண்டாம் என்றார். சோளம், கம்பு, ஆமணக்கு கூடாது.

"ஆமணக்கு கூடாது, ஆளு கூடுமா?" என்றார் அக்கா. பிறகு அண்ணனைப் பார்த்து, "காத்த அப்பவே குடுத்துட்டீக. இப்ப வெயிலையும் குடுத்துட்டீக. நெழலு யாருக்கும் வேணாம், அது எனக்கு. சரி, அதையாவது ஒழுங்காக் குடுங்க" என்றார்.

குனிந்து, வழித்த தரையிலிருந்து இரண்டு கை மண்ணை அள்ளி அண்ணன் முன்னால் நீட்டினார். அண்ணனுக்குப் புரிந்தது; எனக்கும் புரிந்தது. எஞ்சினியருக்குப் புரியவில்லை. கிராமத்துச் சடங்கு என்று நினைத்தாரோ என்னவோ, போனை எடுத்தார். போட்டோ எடுக்கப்படும் இடத்தில் அண்ணனால் மறுக்க முடியவில்லை. மண்ணை வாங்கினார். ஒரு பிடியை அக்கா முந்தியில் போட்டார். மீதியைக் கையிலிருந்து தட்டிவிட்டு, வேட்டியில் படாமல் துடைத்துக்கொள்ள இடம் தேடினார்.

திரும்பும்போது நானும் அண்ணனும் ஒரே காரில் வந்தோம். செக்கானூரணி தாண்டியபிறகு, "ஆளுக்கு முன்னாடி வச்சு அசிங்கப்படுத்திட்டா" என்றார்.

ஆடி முழுதும் காற்று. இரும்புக்கால்கள் நட்டு, பேனல்களைப் பூட்டி, சுற்றிலும் கம்பிவலை அடித்தார்கள். மேலே காற்றாடி சுற்ற, கீழே கண்ணாடி தெற்குப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது. ஆவணியில் அக்கா அந்த அரைக் குறுக்கத்துக்கு உள்ளே போய் வந்தார். கேட்டில் காவலுக்கு இருந்தவர் அதே ஊர்க்காரர், அக்காவுக்கு அக்கா மகன் முறை, நரைத்த மீசை. நான் போயிருந்த ஒரு நாள் நடந்த பேச்சு இது.

"பேரு சொல்லு சின்னம்மா."

"எம்பேரு தெரியாதாடா ஒனக்கு?"

"தெரியும். எழுதணும்ல."

"தெரிஞ்சா எழுது."

"கேட்டுட்டு எழுதணும்னு சொல்லியிருக்காய்ங்க."

"சரி, இன்னாரு மக, இன்னாரு பொண்டாட்டி, ஒனக்குச் சோறு போட்டவன்னு எழுது."

"அம்புட்டு எடம் இல்ல சின்னம்மா."

இருவரும் சிரித்தார்கள். அவர் உள்ளே போய்க் கல் பொறுக்கினார். மேல்மண் போன தரை, மண்வெட்டி பட்டால் மணி அடித்தது. வீட்டுக் குப்பையைச் சாக்கில் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்டினார். ஐந்து குறுக்கத்துக்குக் கிடை போட்டவர் அரைக் குறுக்கத்துக்குக் குப்பை சுமந்தார். எனக்கு அதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. வேலை செய்ய ஓர் இடம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். நிழல் வடக்கே திரும்பிவிட்டதா என்று என்னைக் கேட்டார். திரும்பிவிட்டது என்றேன்.

புரட்டாசியில் நல்ல மழை விழுந்தது. ஈரம் காய்வதற்குள் விதைக்கவேண்டும் என்று போன் செய்தார். விதைக்கிற தேதியை எழுதிக்கொள்ளலாம் என்று நானும் காலையில் ஆரப்பாளையம் போய் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேரும்போது அக்கா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். இடுப்பில் விதைப்பெட்டி. கேட் பூட்டியிருந்தது. உள்ளே அந்தக் காவல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்; உட்காரவும் முடியவில்லை, கிட்டே வரவும் முடியவில்லை.

"விட வேணாம்னு சொல்லிட்டாய்ங்க சின்னம்மா."

"யாரு?"

"சூப்பர்வைசரு. அவருக்கு மேல இருந்து சொன்னாகளாம்."

"மேல யாரு?"

"எனக்கு எப்புடித் தெரியும். தொறந்தா என் வேல போயிரும்."

"ஒன் வேல போக வேணாம்" என்றார் அக்கா.

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன், அக்காவும் கேட்கும்படி. "எனக்கு ஒண்ணும் தெரியாதே. கம்பெனில முடியாதுன்னுட்டாய்ங்களா இருக்கும். இன்சூரன்ஸ் அது இதுன்னு என்னமோ சொல்லுவாய்ங்க" என்றார். பின்னால் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. எஞ்சினியருக்குப் போட்டேன். அவர் வேறு சைட்டுக்கு மாற்றலாகியிருந்தார். "எங்க பக்கம் ஒண்ணும் இல்லைங்க சார். நான் கெளம்பறதுக்கு முன்னாடி லேண்ட் ஓனர் போன் பண்ணி, உள்ள சாகுபடி வேணாம், பின்னால உரிமை கேப்பாங்கன்னு ஆபீஸ்ல சொன்னதா ஒரு பேச்சு. நான் நேர்ல கேக்கல. விசாரிச்சுச் சொல்றேங்க" என்றார்.

அக்கா இரண்டையும் கேட்டார். "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கைகாட்டுறாக. நம்ம யாரக் கைகாட்டுறது?" என்றார். கொஞ்சநேரம் கம்பிவலைக்குள் பார்த்தார். தான் கல் பொறுக்கிய தரை அங்கிருந்து தெரிந்தது. நிழல் அதன்மேல் கிடந்தது. அதற்கு இரண்டு பக்கமும் கண்ணாடி. காவலுக்கு நின்றவர் தண்ணீர்ப் பாட்டிலைக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினார். அக்கா வாங்கிக் குடித்துவிட்டுக் கொடுத்தார். விதைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார். பின்னால் போகலாமா என்று யோசித்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இதுவரை வந்ததே போதும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இருந்தது.

மார்கழியில் மழை நின்று புழுதி படிய ஆரம்பித்ததும், பேனல் துடைக்க ஊரில் பெண்களைக் கூப்பிட்டார்கள். நீளக் கம்பில் பிரஷ், பின்னால் ஒரு ரப்பர் குழாய். அக்காவும் போனார். ஆடுகளையெல்லாம் ஐப்பசியிலேயே விற்றுவிட்டார். மேய்க்க இடம் இல்லை. இப்போது தினமும் காலையில் அதே கேட் அவருக்குத் திறக்கிறது. துடைக்க உள்ளே விடுகிறார்கள், விதைக்க விடுவதில்லை. அதற்குப் பெயர் சட்டமா, பாதுகாப்பா, என் அண்ணனின் பயமா என்று எனக்குத் தெரியாது.

துடைக்கிற தண்ணீருக்குக் கம்பெனி போர் போட்டிருக்கிறது. அந்தப் புஞ்சையில் ஒரு போர் போட்டுக் கொடுங்கள் என்று அக்காவின் கணவர் எங்கள் அப்பாவிடம் வருஷாவருஷம் கேட்டார். "அங்கெல்லாம் தண்ணி கெடையாதுப்பா" என்று அப்பா வருஷாவருஷம் சொன்னார். தண்ணீர் இருக்கிறது. வயலுக்குப் போதுமோ என்னவோ, கண்ணாடிக்குப் போதுகிறது. பேனல் ஓரத்தில் சொட்டிய இடமெல்லாம் கோடு கோடாகப் பச்சைப்புல் முளைத்தது. தீப்பிடிக்கும் என்று அதற்கு மருந்தடித்தார்கள். புல் கருகியது. நிழலுக்கு விட்ட இடத்தில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. சீமைக்கருவேல் முளைத்து முழங்கால் உயரம் வந்திருக்கிறது. உயரமாக வளர்வது கூடாது என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

இந்த மாசியில் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போய்க்கொண்டிருந்தார். வேலை எப்படி என்று கேட்டேன்.

"நல்ல வேலதான் தம்பி. குனிய வேண்டியதில்ல. கண்ணாடியத் தொடச்சா வானம் தெரியும். மேகம் கூடுனா மொதல்ல எனக்குத்தான் தெரியும்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சு என்ன செய்ய?" என்றார்.

யார் கேட்டைப் பூட்டச் சொன்னது என்று தெரிந்ததா என்று கேட்டேன். "அத இன்னும் விடலையா நீங்க? எவரு சொன்னா என்ன? பூட்டு ஒண்ணுதான்" என்றார். பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, எனக்குக் கை காட்டாமல் முன்னால் பார்த்துக்கொண்டு போனார்.

என்னால் விட முடியவில்லை. எனக்கு அது ஒரே பூட்டு இல்லை. அண்ணன் போட்டிருந்தால் அது என் வீட்டுப் பூட்டு. மறுநாள் அண்ணனிடம் நேரில் கேட்டேன். "நான் போனே பண்ணல" என்றார். வெகுநேரம் கழித்து, எதுவோ கேட்டதற்குப் பதில்போல, "பண்ணியிருந்தாத்தான் என்ன தப்பு? நாளைக்கு எம் பேரன் வந்து நிக்கிறப்ப அந்த எடம் யாருதுன்னு கேள்வி வரக்கூடாதுல்ல" என்றார். இந்த இரண்டு பதில்களில் எதை எழுதிக்கொள்வது என்று தெரியாமல் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

எஞ்சினியர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னவர் சொல்லவில்லை. இப்போது போனை எடுப்பதில்லை. சூப்பர்வைசர் மாறிவிட்டார். கம்பெனியின் மதுரை ஆபீஸில் கேட்டதற்கு, நிலத்துச் சொந்தக்காரர் வந்தால் மட்டுமே பேசமுடியும் என்றார்கள். ஆகவே புரட்டாசியில் அந்தக் கேட்டைத் திறக்கவேண்டாம் என்று முதலில் சொன்னது என் அண்ணனா, கம்பெனியா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.